அரிராங்: பிரிந்த கொரியாவின் பொதுப் பாட்டு

அரிராங், கொரிய மக்களின் நாட்டுப்புறப் பாட்டு. வட கொரியாவிலும் தென் கொரியாவிலும் அதை அறியாதவர் இல்லை. யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இப்பாட்டு இரண்டு முறை இடம்பெற்றுள்ளது. 2012-இல் தென் கொரியாவின் பெயரிலும் 2014-இல் வட கொரியாவின் பெயரிலும் அது பதிவாயிற்று. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு வைக்கும் வழக்கமும் அவ்வாறே 2013-இல் தெற்கின் பெயரிலும் 2015-இல் வடக்கின் பெயரிலும் தனித்தனியே பதிவானது. கொரிய மல்யுத்தம் ஒன்றே 2018-இல் இரு நாடுகளின் பெயராலும் சேர்த்துப் பதிவு செய்யப்பட்டது.

ஒரே பாட்டுக்கு இரண்டு பதிவுகள் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அரசியல் எல்லை பிரித்த மக்களுக்குப் பாட்டும் கதையும் திரைப்படமும் பொதுவாக இருந்தால், அவர்கள் இன்னும் ஒரே மக்கள்தாம் என்று சொல்லிவிட முடியுமா? அரிராங்கையும், அதையொட்டிச் சில திரைப்படங்களையும் தொலைக்காட்சிப் படைப்புகளையும் கொண்டு இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய்கிறது.

பின்புலம்

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் தோற்றபின், 38-ஆம் அட்சக்கோட்டுக்கு வடக்கே சோவியத் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் பொறுப்பேற்றன. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது 1948-இல் இரண்டு அரசுகளாக முடிந்தது. 1950 ஜூன் 25 அன்று தொடங்கிய போர் 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்த ஒப்பந்தத்தோடு நின்றது. சமாதான உடன்படிக்கை இதுவரை கையெழுத்தாகவில்லை.

பிரிந்த பிற நாடுகளோடு ஒப்பிட்டால் கொரியாவின் பிரிவு கடுமையானது. கிழக்கு ஜெர்மனியின் பெரும்பகுதி மக்கள் மேற்கு ஜெர்மனியின் தொலைக்காட்சியை வீட்டிலேயே பார்த்துவந்தார்கள். கொரியாவில் சாதாரண மக்களுக்குள் கடிதமோ தொலைபேசியோ பயணமோ கிடையாது. அதனால் இரு பக்கத்துக்கும் பொதுவாக எஞ்சியவற்றுள் பெரும்பகுதி, பிரிவுக்கு முன்பே மக்கள் கையில் இருந்தவைதாம்.

பாட்டின் இயல்பு

அரிராங் ஒரே பாட்டன்று. ஏறத்தாழ 60 வகைகளும் அவற்றில் 3,600 வேறுபாடுகளும் உள்ளதாகக் கணக்கிடுகிறார்கள். மலைநாடான ஜியோங்சோனில் பாடும் அரிராங் மெதுவாகவும் சோகமாகவும் செல்லும். மிர்யாங் ஊரின் அரிராங் துள்ளலானது. தென்மேற்கே ஜிண்டோ தீவுக்கும் தனி அரிராங் உண்டு. பல்லவி மாறாமல் நிற்க, பாடுபவர் தம் ஊரையும் தம் துயரத்தையும் சேர்த்து அடிகளைக் கட்டிக்கொண்டே போகலாம். தமிழில் தெம்மாங்கு பாடுபவர் அடிகளைக் கட்டிச் செல்வதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். 1896-இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் இப்பாட்டை மேற்கத்திய இசைக்குறிகளில் எழுதி அச்சில் வெளியிட்டார்.

பரவலாக அறியப்பட்ட வடிவத்தின் கருத்து எளியது. அன்புக்குரியவர் விட்டுவிட்டு ஒரு மலைக்கணவாயைக் கடந்து போகிறார். பின்தங்கியவர் ஏங்கவும் செய்கிறார், குறைபட்டுக்கொள்ளவும் செய்கிறார். அரசனோ நாடோ கட்சியோ அதில் இல்லை. அரிராங் என்ற சொல்லுக்கே இன்னதுதான் பொருள் என்று அறிஞர்கள் முடிவு செய்யவில்லை. பாடுபவர் தம் பிரிவு எதுவோ அதை இப்பாட்டுக்குள் வைத்துக்கொள்ள முடிவதற்கு இதுவே காரணம்.

1926-ஆம் ஆண்டுத் திரைப்படம்

இன்று நாடறிந்த வடிவத்தைப் பரப்பியது ஒரு திரைப்படம். நா ஊன்-க்யூ எழுதி நடித்து உருவாக்கிய ‘அரிராங்’ என்ற மௌனப்படம் 1926 அக்டோபர் 1 அன்று சியோலின் டான்சோங்சா திரையரங்கில் வெளியானது. மனநிலை பிறழ்ந்து ஊர் திரும்பிய ஒரு மாணவன் அதன் நாயகன். தன் தங்கையிடம் முறைகேடாக நடக்க முயலும், ஆட்சியாளர் பக்கம் நிற்கும் பண்ணைக் காரியக்காரனை அவன் கொல்கிறான். அந்த நொடியில் தெளிவு பெறும் அவனைக் கயிற்றால் கட்டி மலைக்கணவாய் வழியே அழைத்துச் செல்கிறார்கள். அப்போது பாட்டு ஒலிக்கும். பார்த்தவர்கள் அழுதுகொண்டே சேர்ந்து பாடியதாகத் திரை வரலாற்றாளர்கள் எழுதியுள்ளனர்.

காதலர் பிரிவைச் சொன்ன பாட்டு, நாட்டை இழந்த மக்களின் பாட்டானது இவ்வாறுதான். பாட்டின் சொற்களில் தணிக்கை அதிகாரிகள் குற்றம் காண எதுவும் இல்லை. ஆனால் அரங்கில் இருந்தவர்களுக்கு அது எதைச் சொல்கிறது என்பது புரிந்திருந்தது.

இப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. பாட்டு மட்டும் நிலைத்துவிட்டது. நா ஊன்-க்யூ பிறந்த ஹோரியோங் இன்று வட கொரியாவின் வடகோடி எல்லையில் இருக்கிறது. படம் வெளியான சியோல் தென் கொரியாவின் தலைநகர். 1937-இல் மறைந்த அவர் இந்தப் பிரிவைக் காணவில்லை. இரு நாடுகளின் திரைப்பட வரலாறுகளும் அவரைத் தம் முன்னோடியாகக் கொண்டாடுகின்றன.

இரு அரசுகளின் கையில்

1991-இல் ஜப்பானின் சிபா நகரில் நடந்த உலக மேசைப்பந்துப் போட்டியில் இரு கொரியாக்களும் ஒரே அணியாக ஆடின. தெற்கின் ஹ்யூன் ஜுங்-ஹ்வாவும் வடக்கின் லீ பூன்-ஹுயியும் இடம்பெற்ற மகளிர் அணி இறுதிப்போட்டியில் சீனாவை வென்றது. எந்த நாட்டின் கீதத்தை இசைப்பது என்ற சிக்கலை முன்கூட்டியே அரிராங்கைக் கொண்டு தீர்த்திருந்தார்கள். 2000-இல் சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் இரு அணிகளும் அப்பாட்டோடு சேர்ந்து நடந்தன. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கூட்டு மகளிர் படகணி தங்கம் வென்றபோதும் அரிராங்கே ஒலித்தது. 2008 பிப்ரவரியில் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு பியோங்யாங்கில் நடத்திய நிகழ்ச்சியை அப்பாட்டின் இசைவடிவத்தோடு நிறைவு செய்தது.

இதே பாட்டின் பெயரை இரு அரசுகளும் தனித்தனியாகவும் பயன்படுத்தின. வடக்கு 2002 முதல் பியோங்யாங் மே தின அரங்கில் ‘அரிராங்’ என்ற பெயரில் பிரம்மாண்டமான கூட்டுடற்பயிற்சிக் காட்சியை நடத்தியது. பல்லாயிரக்கணக்கான மாணவர்கள் வண்ண அட்டைகளைத் திருப்பித் திருப்பித் தலைவர்களின் புகழை ஓவியமாகக் காட்டினர். தெற்கு, வெளிநாட்டினருக்கான தன் தொலைக்காட்சிக்கு 1997-இலும், செயற்கைக்கோளுக்கு 1999-இலும் அரிராங் என்றே பெயரிட்டது.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் பாட்டின் இயல்பு இங்கே குறையாகவும் மாறுகிறது. பிரிந்தவரை நினைத்து ஏங்கும் பாட்டைத் தலைவர் வழிபாட்டின் தலைப்பாகவும் வைக்கலாம், வணிகப் பெயராகவும் வைக்கலாம். பாட்டு மறுப்புச் சொல்லாது. விளையாட்டு அரங்கில் அது ஒலித்த நேரங்கள் உண்மையிலேயே மக்களை நெகிழ வைத்தன. ஆயினும் அந்த நேரங்களை முடிவு செய்தவை அரசுகள். உறவு நன்றாக இருந்த ஆண்டுகளில் பாட்டு ஒலித்தது, கெட்டபோது நின்றது. 1991-இல் ஒன்றாக வென்ற வீராங்கனைகள் அதன்பின் நினைத்தபோது சந்தித்துக்கொள்ள வழியில்லை. அவர்கள் கதையைத் தெற்கு 2012-இல் திரைப்படமாக எடுத்தது.

ஒரே கதை, ஒரே இயக்குநர்

அரிராங்கைப் போலவே இரு பக்கத்துக்கும் பொதுவானது சுன்ஹியாங்கின் கதை. நாம்வான் ஊரில் கணிகை ஒருத்தியின் மகளாகப் பிறந்த சுன்ஹியாங், உயர்குடி இளைஞனை மணக்கிறாள். அவன் தலைநகர் சென்றபின் புதிதாக வந்த ஆளுநர் அவளை அடைய முயல்கிறார். அவள் மறுத்துச் சிறைப்படுகிறாள். இறுதியில் கணவன் அரசின் இரகசிய ஆய்வாளனாகத் திரும்பி அவளை மீட்கிறான். கற்புக் கதையாகவும் இதைச் சொல்லலாம், அதிகாரியின் கொடுமையை எதிர்த்த ஏழைப் பெண்ணின் கதையாகவும் சொல்லலாம்.

தென் கொரிய இயக்குநர் ஷின் சாங்-ஓக் தம் மனைவி சோய் ஈன்-ஹீயை நாயகியாக்கி 1961-இல் இக்கதையைப் படமாக்கிப் பெருவெற்றி கண்டார். 1978-இல், அப்போது மணமுறிவு பெற்றிருந்த அந்த நடிகை ஹாங்காங்கிலிருந்து வட கொரியாவுக்குக் கடத்தப்பட்டார். சில மாதங்களில் ஷின்னும் அங்கே கொண்டு செல்லப்பட்டார். கிம் ஜோங்-இல்லின் ஆதரவில் அவர் எடுத்த படங்களுள் ஒன்று, 1984-இல் வெளியான ‘காதல், காதல், என் காதல்’ என்ற இசைப்படம். அதுவும் சுன்ஹியாங்கின் கதையே. 1986-இல் வியன்னாவில் இருவரும் தப்பி அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தனர்.

ஒரே கதையை ஒரே இயக்குநர் எல்லைக்கு இரு பக்கமும் எடுத்திருப்பதைப் பண்பாட்டு ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. கதை பொதுவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைச் சொன்னவர் எல்லையைக் கடந்தது தம் விருப்பத்தால் அன்று. தடுத்து வைக்கப்பட்ட பெண்ணின் கதையை ஒரு கைதி படமாக்கினார் என்பதை மறந்துவிட்டு அந்தப் படத்தைப் பார்க்க முடியாது.

எல்லைக் காவலில் ஒரு தின்பண்டம்

பார்க் சான்-வூக் இயக்கி 2000-இல் வெளியான ‘கூட்டுப் பாதுகாப்புப் பகுதி’ தென் கொரியத் திரைப்படங்களுள் இப்பொருளை நேர்மையாக அணுகியது. பான்முன்ஜோம் எல்லையில் தெற்கின் வீரர்கள் இருவரும் வடக்கின் வீரர்கள் இருவரும் இரவில் இரகசியமாகச் சந்தித்து நண்பர்களாகிறார்கள். சிறுபிள்ளைகளைப் போல விளையாடுகிறார்கள். இளவயதில் இறந்த தெற்கின் பாடகர் கிம் குவாங்-சோக்கின் பாட்டைக் கேட்டு, அவர் ஏன் இத்தனை சீக்கிரம் போனார் என்று வடக்கின் வீரர் வருந்துகிறார்.

அப்படத்தின் சிறந்த காட்சி ஒரு தின்பண்டத்தைப் பற்றியது. தெற்கின் ‘சாக்கோ பை’யை வடக்கின் சார்ஜென்ட் ஆசையாக வாயில் திணித்துக்கொள்கிறார். தெற்குக்கு வந்துவிட்டால் இதை வேண்டுமட்டும் தின்னலாம் என்கிறான் நண்பன். உடனே அவர் அதை வாயிலிருந்து எடுத்துவிடுகிறார். தம் நாடே இதைவிட நல்ல தின்பண்டம் செய்யவேண்டும் என்பதுதான் தம் கனவு என்று சொல்லிவிட்டு, மறுபடி வாயில் போட்டுக்கொள்கிறார். சுவை பொதுவானது, தன்மானம் தனித்தனியானது. பண்டத்தைப் பகிர்ந்துகொள்பவர் தம் நாட்டையும் விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நினைப்பது தவறு என்பதை இந்தச் சிறு காட்சி புரியவைக்கிறது.

படத்தில் நட்பு துப்பாக்கிச் சூட்டில் முடிகிறது. எதிரியைக் கண்டால் சுடவேண்டும் என்ற பயிற்சி, அச்சத்தின் ஒரு நொடியில், அத்தனை இரவுகளின் நட்பையும் வென்றுவிடுகிறது. ஒரே பாட்டைக் கேட்டவர்கள் என்பதால் பகை தீர்ந்துவிடும் என்ற எளிய ஆறுதலை இயக்குநர் தரவில்லை. படத்தின் பெருமை அதுவே.

1983-ஆம் ஆண்டு ஒளிபரப்பு

மக்களே தம் தேவைக்காகக் கைக்கொண்ட நிகழ்ச்சி என்றால் 1983-இல் தெற்கின் கேபிஎஸ் தொலைக்காட்சி நடத்திய ‘பிரிந்த குடும்பங்களைத் தேடி’ நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். ஜூன் 30 அன்று 95 நிமிடங்களுக்குத் திட்டமிட்ட நேரடி ஒளிபரப்பு, நவம்பர் 14 வரை 138 நாட்களில் 453 மணி 45 நிமிடங்களுக்கு நீண்டது. போரில் தொலைந்த அண்ணனை, தங்கையை, தாயைத் தேடி வந்தவர்கள் பெயரும் ஊரும் அடையாளமும் எழுதிய அட்டைகளை மார்பில் பிடித்து நின்றார்கள். நிலையக் கட்டடத்தின் சுவரெங்கும் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. 10,189 குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. இதன் ஆவணங்களை யுனெஸ்கோ 2015-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இதில் ஒன்று குறிப்பிடத்தக்கது. அன்று கண்டுபிடிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் தெற்கிலேயே, ஒருவர் இருப்பதை மற்றவர் அறியாமல் வாழ்ந்தவர்கள். எல்லைக்கு அப்பால் இருந்தவரை அந்த ஒளிபரப்பால் மீட்க முடியவில்லை. அதற்கு அரசுகளின் இசைவு வேண்டியிருந்தது. 2000 முதல் 2018 வரை 21 சுற்றுகளாக நேரடிச் சந்திப்புகள் நடந்தன. சில நாட்கள் மட்டும் பார்த்துப் பேசிவிட்டு, பேருந்தின் சன்னல் கண்ணாடியில் கைவைத்து மீண்டும் பிரிந்தார்கள். தெற்கில் பெயர் பதிந்த 1,33,000-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். அரிராங்கின் மலைக்கணவாய் இவர்களுக்கு உவமையாக இல்லாமல் உண்மையாகவே இருந்தது.

ஒருவழிப் பாதை

கடந்த இருபது ஆண்டுகளில் தெற்கின் தொடர்களும் பாட்டுகளும் குறுந்தகடுகளிலும் விரலளவு நினைவகங்களிலும் சீன எல்லை வழியே வடக்குக்குள் போயின. கேசோங் தொழிற்பூங்காவில் தெற்கின் நிறுவனங்கள் வடக்கின் தொழிலாளருக்குக் கொடுத்த சாக்கோ பை, அங்கே சந்தையில் கைமாறியது. தெற்கில் 2019 டிசம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை ஒளிபரப்பான ‘காதலில் தரையிறங்கி’ என்னும் புகழ்பெற்ற தொடர் இந்தச் சூழலையே நகைச்சுவையாக்கியது. பாராகிளைடரில் பறந்த தெற்கின் செல்வச் சீமாட்டி, புயலில் சிக்கி வடக்கில் விழுகிறாள். அவளுக்கு உதவும் வடக்கின் வீரர்களில் ஒருவன் தெற்கின் தொடர்களை ஒளிந்து பார்த்தவன்.

வடக்கின் சிற்றூர்ப் பெண்களை இத்தொடர் பரிவோடு காட்டியது. கிம்ச்சி போடுவதும் மின்வெட்டும் அண்டை வீட்டார் பேச்சும் உயிரோடு வந்தன. வடக்கிலிருந்து வந்த ஒருவர் எழுத்துக் குழுவில் இருந்தது இதற்குத் துணைசெய்தது. குறையும் உண்டு. முதன்மை நடிகர் யாவரும் தெற்கினர். ஒரு காட்சிகூட வடக்கில் எடுத்ததன்று. வடக்கு இங்கே தெற்கின் கற்பனையில் உள்ள பழைய கிராமம். காதலர் இறுதியில் சேர்ந்து நிற்பது சுவிட்சர்லாந்தில். தம் நாட்டுக்குள் அவர்கள் சந்திக்க ஓர் இடத்தை எழுத்தாளரால் கற்பனையிலும் காட்ட முடியவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவை நகைச்சுவைக்கு இடமில்லாதவை. 2020 டிசம்பரில் வடக்கு இயற்றிய சட்டம், தெற்கின் படைப்புகளைப் பார்ப்போருக்குப் பல ஆண்டுக் கடுந்தண்டனையும் பரப்புவோருக்கு மரண தண்டனை வரையும் விதிக்கிறது. 2023 ஜனவரியில் வந்த மொழிச் சட்டம் தெற்கின் பேச்சு வழக்கையே குற்றமாக்கியது. பெண்கள் அண்ணனை அழைக்கும் ‘ஒப்பா’ என்ற சொல்லைத் தெற்கில் காதலனுக்கும் சொல்வார்கள். வடக்கில் உடன்பிறவாத ஒருவரை அப்படி அழைப்பது இப்போது சட்டவிரோதம். 2024-இன் தொடக்கத்தில் பியோங்யாங்கில் இருந்த மறுஇணைப்பு வளைவும் இடிக்கப்பட்டது.

தெற்கின் நிலை இதற்கு இணையானதன்று. ஆயினும் அங்கும் 1948-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் வடக்கைப் புகழ்வதைக் குற்றமாக வைத்திருக்கிறது. வடக்கின் படங்களையும் நூல்களையும் தெற்கின் மாணவர் இயல்பாகப் பார்க்கவோ படிக்கவோ நெடுங்காலம் வாய்ப்பில்லை. ஆக, வடக்கினர் தெற்கை ஒளிந்து பார்க்கிறார்கள்; தெற்கினர் வடக்கைத் தம் நடிகர்களின் வழியே பார்க்கிறார்கள்.

மொழியும் விலகுகிறது. தெற்கில் ‘டோனட்’ எனப்படுவது வடக்கில் ‘மோதிர ரொட்டி’ என்ற பொருள்படும் சொல்லால் வழங்குகிறது. 2005-இல் இருநாட்டு அறிஞர்களும் தொடங்கிய பொது அகராதிப் பணி, அரசியல் உறவு முறிந்தபோதெல்லாம் நின்றுபோனது. தெற்கில் குடியேறிய 34,000-க்கும் மேற்பட்ட வடகொரியர், ஒரே மொழி பேசியும் உச்சரிப்பால் அயலாராக அடையாளம் காணப்படுகிறார்கள்.

மதிப்பீடு

இவற்றிலிருந்து பெறக்கூடிய முடிவு ஒன்றுண்டு. பொதுப் பாட்டும் பொதுக் கதையும் இருப்பதனால் மட்டுமே மக்கள் ஒன்றாகிவிடுவதில்லை. பழைய செல்வம் ஒரு தொடக்கத்தைத் தரும். அதன்பின் இரு பக்கமும் புதிதாக எழுதுவதும் பாடுவதும் ஒருவரையொருவர் சென்றடைந்தால்தான் அது வளரும். கொரியாவில் 1945-க்கு முந்தியவை இன்றும் பொதுவாக உள்ளன. அதற்குப் பிந்தியவற்றுள் தடையின்றி இருவருக்கும் உரியதாக ஆனது மிகக் குறைவு. ஒரு தொடரைப் பார்த்ததற்காக ஒருவர் சிறைக்குப் போகவேண்டிய நிலையில், இரு நாடுகளும் ஒரே பண்பாட்டில் வாழ்கின்றன என்று சொல்வது அந்தப் பார்வையாளரின் துன்பத்தை மறைத்துவிடும்.

எனினும் பண்பாட்டு உறவு பயனற்றது என்று முடிவு கட்டுவதும் பிழை. தண்டனை இத்தனை கடுமையாக இருந்தும் வடக்கில் மக்கள் அத்தொடர்களைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு இல்லாமலே அவை அவர்களுக்குப் புரிந்தன. ஒரு சொல்லைத் தடைசெய்யச் சட்டம் தேவைப்பட்டதே, அச்சொல் மக்கள் வாயில் ஏறிவிட்டது என்பதற்குச் சான்று.

அரிராங்கைப் படிக்கும் மாணவர் அதன் பலவகை வடிவங்களையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு மாவட்டமும் தன் அடிகளைச் சேர்த்தபோது அது வேறு பாட்டாகிவிடவில்லை. இன்று இரு பட்டியல்களில் உள்ள அந்தப் பாட்டுக்கு, பிரிவின் எண்பது ஆண்டுகளைப் பற்றி இரு பக்கத்தவரும் சேர்ந்து கட்டும் அடிகள் இன்னும் சேரவில்லை. பிரிவுக்கு முந்திய கொரியாவை நேரில் அறிந்த தலைமுறை மறைந்துகொண்டிருப்பதால், அதற்கான காலமும் குறைந்து வருகிறது.